பொண்ணு இங்கிலாந்துல ஒரு சந்தை ஊர்ல பழைய வீடு வாங்கப் போறா, என்னென்ன பாக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

அம்மாபேட்டை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் சேலம் அம்மாபேட்டை, ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆயிட்டேன். எங்க பெரிய பொண்ணு நர்ஸ், இங்கிலாந்து போய் ஆறு வருஷம் ஆச்சு, ஹெரிஃபோர்ட்ங்கற ஊர்ல ஆஸ்பத்திரில வேலை. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை, பெரும்பாலும் வீட்ல இருந்தே பாக்கறார். ஒரு பேரன், நாலு வயசாகப் போகுது. இத்தன வருஷமா வாடகை வீடுதான். ரெண்டு தடவ வீட்டுக்காரங்க "விக்கப் போறோம், காலி பண்ணிக்குங்க"ன்னு சொல்லிட்டாங்க, ரெண்டாவது தடவ குழந்தைக்கு காய்ச்சல், இவளுக்கு நைட் டூட்டி, அந்த நேரத்துல பெட்டி கட்டிட்டு போன்ல அழுதா. அதுக்கப்புறம்தான் எப்படியாச்சும் சொந்த வீடு வாங்கிரணும்னு நாங்களும் சொல்ல ஆரம்பிச்சோம். போன வருஷம் அவங்களுக்கு ஐஎல்ஆர், அதாவது அங்கயே நிரந்தரமா இருக்கற அனுமதி, கிடைச்சிருச்சு.

இப்ப லட்லோன்னு ஒரு சின்ன ஊர்ல வீடு பாத்து வச்சிருக்காங்க. ஷ்ராப்ஷயர் மாவட்டமாம், ஹெரிஃபோர்ட்ல இருந்து ட்ரெயின்ல அரை மணி நேரம்ங்கறா. வீடியோ கால்ல ஊரைக் காட்டினா. பெரிய கோட்டை, அதுக்கு முன்னாடி ஒரு சதுக்கம், அங்க திங்கள் புதன் வெள்ளி சனி சந்தை கூடுது, பந்தல் போட்டு காய், ரொட்டி, சீஸ், பூச்செடி, பழைய சாமான்னு என்னென்னவோ விக்கறாங்க. "அம்மா, நம்ம செவ்வாப்பேட்டையும் செவ்வாக்கிழமை சந்தை கூடின ஊர்தானம்மா, இதுவும் அப்படித்தான்"ன்னா. அவ மொகத்துல அந்த சந்தோஷத்த பாத்து ரொம்ப நாளாச்சுங்க.

வீடு சந்தைக்கு நடந்து போற தூரம், சரிவான தெரு, கருப்பு மரச்சட்டமும் வெள்ளச் சுவருமா இருக்கு, 300 வருஷத்துக்கு மேல பழசுன்னு ஏஜென்ட் சொல்றாராம். விலை 2,80,000 பவுண்ட். 300 வருஷம்னதும் எனக்கு பகீர்னு இருக்கு. எங்க வீடே எங்க மாமனார் கட்டினது, 60 வருஷம்தான் ஆகுது, மழை பேஞ்சா ஒரு மூலைல ஓதம் அடிக்குது.

கேக்க வேண்டியது மூணு விஷயம். அவ்வளவு பழைய வீட்டை வாங்கலாமா? அந்த மாதிரி சின்ன ஊர்ல நம்ம ஆளுங்க இருக்க முடியுமா? மூணாவது பணம். கண்ணங்குறிச்சில எங்க ரெண்டு பேர் பேர்லயும் ஒரு மனை இருக்கு, அதை வித்து ஒரு 25,000 பவுண்ட் அளவுக்கு அனுப்பலாம்னு இருக்கோம். அதோட வர்ற தை மாசம் இந்த அம்மாபேட்டை வீட்டையும் பொண்ணு பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிடலாம்னு அவங்க அப்பா சொல்றார், இங்க ஒரு சொத்து அவ பேர்ல இருந்தா அங்க பேங்க்ல லோன் கேக்கறப்ப மதிப்பா இருக்கும்ங்கறார். இல்லன்னா அங்க வாங்கற வீட்டுல எங்க பேரையும் சேத்துக்கறதான்னும் ஒரு யோசனை. எது சரின்னு தெரியல, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


நாலு ரோடு ஆடிட்டர்:

அம்மா, மத்த எல்லாத்தையும் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல அந்த செட்டில்மெண்ட்டை நிறுத்துங்க. பத்திரம் எழுதறவர்கிட்ட டோக்கன் போட்டிருந்தாலும் கேன்சல் பண்ணிடுங்க. இதை ஏன் இவ்வளவு அவசரமா சொல்றேன்னு விவரமா எழுதறேன், சாரையும் பக்கத்துல வச்சிக்கிட்டு படிங்க.

இங்கிலாந்துல வீடு வாங்கினா கட்ட வேண்டிய முத்திரைத்தீர்வை நம்மூர் மாதிரி இல்ல. இங்க 7 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம்னு கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே கணக்கு. அங்க ஸ்லாப். முதல் 1,25,000 பவுண்டுக்கு ஒண்ணுமில்ல, அதுக்கு மேல 2,50,000 வரைக்கும் 2 சதவீதம், அதுக்கு மேல 9,25,000 வரைக்கும் 5 சதவீதம். ஆனா முதல் தடவையா வீடு வாங்கறவங்களுக்கு 3,00,000 வரைக்கும் சுத்தமா கிடையாது. 2025 ஏப்ரல்ல இருந்து இதுதான் நடைமுறை. உங்க பொண்ணு பாத்திருக்கற 2,80,000 வீட்டுக்கு அவங்க முதல் தடவை வாங்கறவங்களா இருந்தா தீர்வை பூஜ்யம்.

இப்ப கவனிங்க. முதல் தடவைன்னா இங்கிலாந்துல முதல் தடவைன்னு அர்த்தம் இல்லம்மா. உலகத்துல எங்கயும், ஒரு குடியிருப்பு வீடு, வாங்கினதோ தானமா வந்ததோ வாரிசா வந்ததோ, அவங்க பேர்ல எப்பவுமே இருந்திருக்கக் கூடாது. அம்மாபேட்டை வீடு ஒரு நாள் பொண்ணு பேர்ல பதிவாயிட்டா அந்த சலுகை போச்சு, திரும்ப உங்க பேருக்கே மாத்தி எழுதினாலும் வராது. அது மட்டும் இல்ல. அங்க வீடு வாங்கற அன்னிக்கு அவங்க பேர்ல வேற ஒரு வீடு, 40,000 பவுண்ட் அல்லது அதுக்கு மேல மதிப்புள்ளது, உலகத்துல எங்க இருந்தாலும் அது ரெண்டாவது வீடுன்னு கணக்காகி மொத்த விலைக்கும் 5 சதவீதம் கூடுதல் தீர்வை விழும். 2024 அக்டோபர் கடைசில 3ல இருந்து 5 ஆக்கிட்டாங்க. 40,000 பவுண்ட்னா நம்ம பணத்துல நாப்பது லட்சத்துக்கு மேல, அம்மாபேட்டைல சொந்த மனையோட இருக்கற வீடு அதை சுலபமா தாண்டும். கணக்கு போட்டுப் பாத்தேன். சாதா தீர்வை 4,000, கூடுதல் 14,000, மொத்தம் 18,000 பவுண்ட். பூஜ்யத்துல முடிய வேண்டியது இருபது லட்ச ரூபாய்க்கு மேல போயிடும். அன்பா செய்யற ஒரு காரியத்தால பொண்ணுக்கு இவ்வளவு பெரிய செலவு வரக்கூடாதுங்கறதுதான் என் கவலை.

அதே மாதிரி அந்த வீட்டுல உங்க பேரை சேக்கறது வேண்டவே வேண்டாம். உங்களுக்கு இங்க வீடு இருக்கு, நீங்க அந்த நாட்டுல குடியிருக்கறவங்களும் இல்ல. அதனால அந்த 5 சதவீதமும் வரும், வெளிநாட்டுல இருக்கறவங்க வாங்கினா 2021 ஏப்ரல்ல இருந்து போடற 2 சதவீதமும் சேந்து வரும்.

பணத்தை அன்பளிப்பாவே அனுப்புங்க. பொண்ணுக்கு அப்பா அம்மா குடுக்கறதுக்கு இங்க வருமான வரி கிடையாது. ரிசர்வ் பேங்க் திட்டத்துல ஒரு ஆளு ஒரு நிதியாண்டுல 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம், அது உங்களுக்கு தாராளம். ஆனா ஒரு பான் நம்பர்ல வருஷத்துக்கு 10 லட்ச ரூபாய்க்கு மேல போறப்ப, மேல போன தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ்னு பேங்க்ல சேத்து வாங்குவாங்க. அது போயிடற பணம் இல்ல, ரிட்டர்ன் போடறப்ப வரில கழிச்சுக்கலாம், மிச்சம் திரும்ப வரும், ஆனா கொஞ்ச மாசம் முடங்கிக் கிடக்கும். மனை ரெண்டு பேர் பேர்லயும் இருக்கறதால ஆளுக்குப் பாதி அவங்கவங்க அக்கவுண்ட்ல இருந்து அனுப்புங்க, முடங்கற தொகை பாதிக்கு மேல குறையும். மனை வித்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு, வெளிநாட்டு வீட்டுல போட்டேன்னு சொல்லி அதுல விலக்கு கேக்க முடியாது, வீடு இந்தியால இருந்தாதான் அந்த விலக்கு.

அங்க இருக்கற வக்கீல், சொலிசிட்டர்னு சொல்வாங்க, இந்தப் பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு குடைஞ்சு குடைஞ்சு கேப்பாங்க. மனையோட கிரயப் பத்திரம், வித்த பத்திரம், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் ஸ்கேன் பண்ணி இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட தயாரா வச்சிக்குங்க. இது அன்பளிப்பு, கடன் இல்ல, வீட்டுல எங்களுக்குப் பங்கு வேண்டாம்னு ஒரு கடிதமும் கையெழுத்துப் போட்டுத் தரணும்.

கடைசியா ஒண்ணு கேக்கணும். மாப்பிள்ளை பேர்ல எங்கயாச்சும் வீடு இருக்கா? புருஷன் பொண்டாட்டி சொத்தை அந்த 5 சதவீதத்துக்கு ஒண்ணாத்தான் பாப்பாங்க.


கோரிமேடு வாசி:

டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. அவ்வளவு பணத்தை அங்க கொண்டு போய் போடறதுக்கு ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தோட சின்ன வீடா வாங்கிப் போட்டா பிள்ளைங்க வயசான காலத்துல வந்து இருப்பாங்களே. எங்க அண்ணன் பையன் கனடால வீடு வாங்கினான், இப்ப அந்தக் கடனுக்காகவே வர முடியாம நிக்கறான். நாலு வருஷமா ஆடிப் பண்டிகைக்கு வரல, அவங்க அம்மா கோட்டை மாரியம்மன் கோயில்ல நின்னு அவன் பேருக்குத்தான் அர்ச்சனை பண்றாங்க. அதைப் பாத்த வேதனைல சொல்றேன்.


ஷ்ராப்ஷயர் சூரமங்கலம்:

டீச்சரம்மா, நான் சூரமங்கலத்துக்காரன், லட்லோவுக்குப் பக்கத்துலயே ஒரு ஊர்ல 11 வருஷமா இருக்கேன். கோரிமேடு அண்ணா சொல்ற வேதனை எனக்கும் புரியுது, எங்கம்மாவும் அதையேதான் சொல்வாங்க. ஆனா வாடகை வீட்டுல இருந்தாலும் ஆடிக்கு வர முடியாதுங்கண்ணா, லீவு கிடைக்கணுமே. குழந்தை ஸ்கூல் போற வயசுல அடிக்கடி வீடு மாத்தறது எவ்வளவு கொடுமைன்னு எனக்குத் தெரியும்.

ஊரைப் பத்தி முதல்ல சொல்றேன். லட்லோ பத்தாயிரம் பேர் சுமாருக்கு இருக்கற ஊர், நார்மன் காலத்துல கோட்டை கட்டி அதுக்குக் கீழ தெருக்களை நேர் நேரா போட்ட ஊர். பழைய மதில்ல இருந்த ஏழு வாசல்ல பிராட் கேட் ஒண்ணுதான் மிச்சம், அதுக்குள்ள இன்னைக்கும் கார் போகுது. சந்தைல ரெண்டு மூணு வாரம் தொடர்ந்து வாங்கினா உங்க பொண்ணு என்ன வாங்குவாங்கன்னு கடைக்காரருக்கே தெரிஞ்சிரும். ஆளுங்க நின்னு பேசுவாங்க. நான் வந்த முதல் வருஷம் பனில கார் ஸ்டார்ட் ஆகல, பக்கத்து வீட்டுப் பெரியவர் கேக்காமலே கேபிள் எடுத்துட்டு வந்து நின்னார். நம்ம ஆளுங்க ரொம்பக் குறைச்சல்தான், தமிழ் பேச ஆள் வேணும்னா வண்டி எடுக்கணும். கறிவேப்பிலை, இட்லி அரிசிக்கு பர்மிங்காம் போயிட்டு வருவோம், அப்படியே டிவிடேல்ல பாலாஜி கோயில் இருக்கு, கும்பிட்டுட்டு வந்தா ஒரு நாள் ஓடிரும்.

கஷ்டம் எதுன்னா குளிர்காலம். டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிரும், கடைங்க அஞ்சு மணிக்கு அடைச்சிருவாங்க, தெருவுல ஒரு ஆள் இருக்காது. நம்ம சேலத்துல அஞ்சு ரோட்ல ராத்திரி பத்து மணிக்கு புரோட்டா கடை சத்தம் கேட்டு வளந்தவங்களுக்கு அந்த அமைதி முதல் வருஷம் நெஞ்ச அடைக்கும். அப்புறம் பழகிரும், ஆனா அந்த முதல் குளிர்காலத்துக்கு முடிஞ்சா நீங்க வந்து கூட இருங்கம்மா.

வேலைக்கு ட்ரெயின்ல போறது பத்தி ஜாக்கிரதை. அரை மணி நேரம்ங்கறது உண்மைதான், ஆனா நர்ஸ் ஷிஃப்ட் காலைல ஏழு ஏழரைக்கு ஆரம்பிக்கும், ஞாயித்துக்கிழமை ட்ரெயின் லேட்டாத்தான் கிளம்பும். பொண்ணோட ரோஸ்டரை எடுத்து வச்சிக்கிட்டு டைம் டேபிளோட ஒத்துப் பாக்கச் சொல்லுங்க. கார்ல போனா ஏ49 ரோடு, பெரும்பாலும் ஒத்த வழிதான், முன்னாடி ட்ராக்டர் போனா பின்னாடியே போக வேண்டியதுதான். இதே லைன்ல நடுவுல லெம்ஸ்டர்னு ஒரு ஊர் இருக்கு, எழுத்துல பாத்தா லியோமின்ஸ்டர் மாதிரி இருக்கும், அதுவும் சந்தை ஊர்தான், ஹெரிஃபோர்டுக்கு இன்னும் கிட்ட. அதையும் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. பெரிய அவசரம்னா ஆஸ்பத்திரிக்கு ஹெரிஃபோர்ட் இல்லன்னா ஷ்ரூஸ்பரிதான் போகணும், அதையும் மனசுல வச்சிக்கணும்.

பேரன் ஸ்கூல் இன்னொரு முக்கியமான விஷயம். செப்டம்பர்ல ரிசப்ஷன், அதாவது அங்க ஸ்கூல்ல முதல் வகுப்புக்கு முந்தின வருஷம், சேரணும்னா அதே வருஷம் ஜனவரி 15க்குள்ள விண்ணப்பம் போடணும், அன்னிக்கு எந்த வீட்டுல இருக்காங்களோ அந்த விலாசம்தான் முக்கியம். வீடு வாங்கறது முடியலன்னா வாடகை வீட்டு விலாசத்துலதான் போட வேண்டி வரும், அப்ப கவுன்சில்ல, நம்மூர் நகராட்சி மாதிரி, முன்னாடியே பேசிக்கணும்.

இனி வீடு. நான் பண்ணின தப்பை சொல்றேன், அது உங்க பொண்ணுக்கு நடக்கக் கூடாது. நான் வாங்கினப்ப பேங்க்ல இருந்து ஒருத்தர் வந்து வீட்டைப் பாத்துட்டுப் போனார், அதுக்கு நான்தான் பணமும் கட்டினேன், அதனால வீட்டை சோதிச்சாச்சுன்னு நெனைச்சிட்டேன். அது சோதனை இல்லம்மா. கொடுக்கற கடனுக்கு வீடு தாங்குமான்னு பேங்க்காரங்க அவங்களுக்காகப் பாக்கற மதிப்பீடு. நாம தனியா சர்வேயர் வச்சுப் பாக்கணும். ஆர்ஐசிஎஸ்ங்கற சர்வேயர் சங்கத்து ஆளுங்க பண்ற சோதனைல மூணு லெவல் இருக்கு, பழைய வீட்டுக்கு லெவல் 3 தான், ஆயிரம் பவுண்ட் பக்கம் ஆகும். அதை மிச்சம் பிடிக்கப் போய், முதல் டிசம்பர்ல பெட்ரூம் அலமாரியை நகத்தினா பின்னாடி சுவர் முழுக்க கருப்பா பூஞ்சை. கை வச்சா சில்லுனு பிசுபிசுன்னு ஒட்டுது. எங்க பொண்ணுக்கு அப்ப ஒரு வயசு, ராத்திரி பூரா இருமல். உள்ள இருந்த சிமெண்ட் பூச்சை எடுத்து திரும்பப் பூச 9,000 பவுண்ட் ஆச்சு.

அப்புறம் 300 வருஷ வீடுன்னா கிட்டத்தட்ட நிச்சயமா லிஸ்டட் பில்டிங்கா, அதாவது சட்டப்படி பாதுகாக்கற பழைய கட்டடமா இருக்கும், பெரும்பாலும் கிரேட் 2ங்கற வகை. அப்படின்னா ஜன்னல் மாத்தறது, உள் சுவர் இடிக்கறதுக்குக் கூட கவுன்சில் சம்மதம் வேணும், வாங்காம செஞ்சா கிரிமினல் குத்தம். பழைய ஓனர் அனுமதி இல்லாம ஏதாச்சும் பண்ணியிருந்தா அதை சரி பண்ணுன்னு இப்ப இருக்கற ஓனர்கிட்டதான் கேப்பாங்க, எத்தன வருஷம் ஆனாலும் கேக்கலாம். அதனால சமையல்ரூம் பின்னாடி நீட்டிக் கட்டினது, புது ஜன்னல் இதுக்கெல்லாம் பேப்பர் இருக்கான்னு சொலிசிட்டர் மூலமா கேக்கச் சொல்லுங்க.

வெள்ளத்தையும் விடாதீங்க. ஊர் மேட்டுல இருக்கு, ஆனா கீழ டீம், கார்வ்னு ரெண்டு ஆறு. 2007 ஜூன்ல கார்வ் ஆத்து வெள்ளத்துல பர்வே பாலமே இடிஞ்சு விழுந்துச்சு. சரிவான தெருன்னு சொல்றீங்க, அந்த சரிவுல வீடு மேலயா கீழயா? கவர்மெண்ட் வெப்சைட்ல போஸ்ட்கோடு போட்டா வெள்ள அபாயம் எவ்வளவுன்னு காட்டும். 2009க்கு முன்னாடி கட்டின வீடுங்களுக்கு ஃப்ளட் ரீன்னு ஒரு ஏற்பாடு இருக்கறதால இன்சூரன்ஸ் ஓரளவு கிடைக்கும், ஆனாலும் விலையை முன்னாடியே கேட்டுக்கறது நல்லது.


ஏற்காடு கொத்தனார்:

நான் ஏற்காடு செம்மடுவு. எங்கப்பா காலத்துல இருந்து எஸ்டேட் பங்களா ரிப்பேர் வேலைதான் எங்களுக்கு. வெள்ளக்காரன் கட்டின கல்லுக் கட்டடம், ஓட்டுக் கூரை, எல்லாம் சுண்ணாம்புக் காரைல கட்டினது. இங்கிலாந்து நான் பாத்ததில்ல, ஆனா சூரமங்கலத்துக்காரர் சிமெண்ட் பூச்சுன்னு சொன்னதும் எனக்கு இது நல்லா தெரிஞ்ச வியாதிங்கறதால எழுதறேன்.

பழைய சுவருக்கு வயசு ஒரு குத்தமே இல்லீங்க டீச்சர். அதுக்கு மூச்சு விடணும், அவ்வளவுதான். சுண்ணாம்புச் சுவர் மழைல ஈரத்தைக் குடிக்கும், வெயில்ல காத்துல வெளிய விட்டுரும். அதுமேல சிமெண்ட் பூசினா குடிச்ச ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு ஓதம் அடிக்கும், பூச்சு பொரியும், உள்ள மரம் இருந்தா இத்துப் போகும். இங்க ஒரு பங்களால மலைக்காத்தும் பனியும் நூறு வருஷம் அடிச்சும் அசையாத சுவர், ஒருத்தர் வாங்கி அழகா இருக்கணும்னு வெளிய முழுக்க சிமெண்ட் அடிச்சார், மூணு மழை தாண்டல, உத்தரம் சுவர்ல உக்காந்திருக்கற இடத்துல கையை விட்டா காபித்தூள் மாதிரி கொட்டுச்சு. அதை எல்லாம் கொத்தி எடுத்து, சுண்ணாம்பை நீத்துப் போட்டு, கடுக்காய் ஊறின தண்ணியும் வெல்லமும் சேத்து அரைச்சுப் பூசறதுக்கு நாலு மாசம் ஆச்சு எங்களுக்கு.

பொண்ணு வீடு பாக்கப் போறப்ப இதைச் செய்யச் சொல்லுங்க. சந்து இடுக்குல, யாரும் பாக்காத பின்பக்கத்துல, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கற சாந்தை வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு சாவி முனைல லேசா கீறிப் பாக்கணும். வெள்ளையா மாவு மாதிரி உதுந்தா சுண்ணாம்பு, நல்லது. சாம்பல் கலர்ல கீறலே விழாம சாவி வழுக்குச்சுன்னா சிமெண்ட். சுவரை விரல் முட்டில தட்டிக்கிட்டே போகணும், டொக்கு டொக்குன்னு பொள்ளலா கேக்கற இடத்துல பூச்சு விட்டுருக்கு. மரச்சட்ட வீடுன்னு சொல்றீங்களே, தரையோட படுத்திருக்கற கீழ்ச்சட்டத்தைத்தான் முக்கியமா பாக்கணும், மேல இருக்கற வேலைப்பாடு எல்லாம் அப்புறம். அந்தக் காலத்துல சட்டத்துக்கு நடுவுல குச்சி பின்னி அதுமேல களிமண்ணு, வைக்கோல், சாணி குழைச்சு அப்பின சுவர்னு படிச்சிருக்கேன், நம்ம மலைல மூங்கில் தப்பை பின்னி மண்ணு அப்பற மாதிரிதான். அது நல்லா இருக்கும், பயப்பட வேண்டாம்.

இன்னொண்ணு, வெயில் அடிக்கறப்ப வீடு பாக்காதீங்க. மழை விட்ட மறுநாள் காலைல போங்க. உள்ள நுழைஞ்சதும் பழைய ஈரச்சாக்கு வாசனை வருதான்னு மூக்கு சொல்லிரும்.


அம்மாபேட்டை டீச்சர்:

எல்லாருக்கும் கை கூப்பி நன்றி சொல்றேங்க. ஆடிட்டர் தம்பி, உங்க பதிலை அவங்க அப்பாவுக்கு ரெண்டு தடவ படிச்சுக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் எந்திரிச்சுப் போய் பத்திரம் எழுதறவருக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டார். மாப்பிள்ளைக்கு ஆத்தூர்ல ஒரு காலி மனை மட்டும் இருக்கு, வீடு எதுவும் கட்டல. அது பரவாயில்லையா?

சூரமங்கலம் தம்பி, உங்க குழந்தை இருமின கதையைப் படிச்சிட்டு எனக்குத் தூக்கமே வரல. இவங்களும் பேங்க்காரர் வந்து பாத்தா போதும்னுதான் இருந்திருக்காங்க. இப்ப லெவல் 3 சர்வேயர் சொல்லியாச்சு. இன்னொரு சந்தேகம். நம்மூர்ல அட்வான்ஸ் குடுத்து அக்ரிமெண்ட் போட்டுட்டா வாக்கு மாற மாட்டாங்க. அங்க ஓனர் சரின்னு சொல்லி ஒரு மாசம் ஆச்சு, ஒரு பேப்பரும் இல்ல, அட்வான்ஸும் வாங்கல, இதை எப்படி நம்பறது? வில்லங்கம் எல்லாம் எங்க பாக்கறாங்க?


நாலு ரோடு ஆடிட்டர்:

காலி மனை குடியிருப்பு வீடு கணக்குல வராதும்மா, பயப்படாதீங்க. ஆனா சொலிசிட்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க, மாப்பிள்ளைக்கு பூர்வீக வீட்டுல பங்கு ஏதாச்சும் பேர்ல ஏறியிருக்கான்னும் ஒரு தடவ கேட்டுக்குங்க. அப்படி இருந்தா அதையும் இப்பவே சொல்லிரணும்.


ஷ்ராப்ஷயர் சூரமங்கலம்:

நம்ப முடியாதுங்கறதுதான் உண்மை டீச்சரம்மா. அங்க ஓனர் சரின்னு சொன்னதுக்கு சட்டப்படி மதிப்பு இல்ல. எக்சேஞ்ச்னு ஒரு நாள் வரும், ரெண்டு பக்க வக்கீலும் கான்ட்ராக்டை மாத்திக்குவாங்க, அன்னிக்குத்தான் வழக்கமா 10 சதவீதம் டெபாசிட் கட்டுவோம். அதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் அவரும் பின்வாங்கலாம், நாமளும் பின்வாங்கலாம், வேற ஒருத்தர் கூட குடுக்கறேன்னா அவருக்கு விக்கவும் செய்யலாம். எக்சேஞ்ச் ஆனப்புறம் மாறினா டெபாசிட் போயிரும். அதுக்கப்புறம் சாவி குடுக்கற நாள், அதை கம்ப்ளீஷன்பாங்க. ஓனர் போற வீட்டு ஓனர் இன்னொரு வீட்டுக்குப் போகணும்னு சங்கிலி மாதிரி இருந்தா ஒரு கண்ணி அறுந்தா மொத்தமும் நிக்கும். மூணு நாலு மாசம் சாதாரணம், அதுக்கு மேலயும் ஆகும். பொண்ணை வாடகை வீட்டை அவசரப்பட்டு காலி பண்ண வேண்டாம்னு சொல்லுங்க.

வில்லங்கம் நம்மூரை விட சுலபம். லேண்ட் ரெஜிஸ்ட்ரில சில பவுண்ட் கட்டினா யார் பேர்ல இருக்கு, என்ன கடன் இருக்கு, எல்லை வரைபடம் எல்லாம் ஆன்லைன்ல வந்துரும். கட்டாயப் பதிவு நாடு முழுக்க வந்தது 1990 டிசம்பர்லதான், அதுக்கு முன்னாடி இருந்து கை மாறாத வீடா இருந்தா இன்னும் பதிவாகாம பழைய மூலப்பத்திரக் கட்டாவே இருக்கும், அப்ப சொலிசிட்டருக்கு வேலை கூட. கவுன்சில், தண்ணி சாக்கடை, சுற்றுச்சூழல்னு ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா விவரம் தேடிப் பாப்பாங்க. பழைய ஊர்ங்கறதால தேவாலய ரிப்பேர் செலவு நிலத்து மேல இருக்கான்னும் தேடிப் பாக்கச் சொல்லுங்க. நம்மூர்ல கோயில் நிலம் பாக்கற மாதிரிதான். ஆஸ்டன் கான்ட்லோங்கற ஊர்ல ஒரு தம்பதிக்கு தேவாலயத்தை சரி பண்ற செலவு தலைல விழுந்து, 2003ல அப்ப அங்க உச்ச நீதிமன்றமா இருந்த லார்ட்ஸ் சபை வரைக்கும் போய் தோத்தாங்க. 2013 அக்டோபருக்கு அப்புறம் பதிவு பண்ணாத பொறுப்பு புதுசா வாங்கறவங்களை பெரும்பாலும் கட்டுப்படுத்தாது, ஆனாலும் ஒரு வரி கேட்டு வாங்கிக்கறது நிம்மதி.


அம்மாபேட்டை டீச்சர்:

ஒன்றரை மாசம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்குங்க.

கொத்தனார் தம்பி சொன்ன மாதிரியே மழை பேஞ்ச மறுநாள் காலைல பொண்ணும் மாப்பிள்ளையும் போனாங்க. முன்பக்கம் சாந்து மாவா உதுந்துச்சாம். பின்பக்கம் சமையல்ரூம் வெளிச்சுவர்ல இடுப்பு உயரத்துக்கு சாவி கீறவே இல்ல, சிமெண்ட். அதை வீடியோ எடுத்து அனுப்பினா, சாவி வழுக்கற சத்தம் கூட கேக்குது. சர்வேயரும் வந்தார், ரிப்போர்ட் எழுபது பக்கத்துக்கு மேல. அதே இடத்துல கீழ்ச்சட்டம் ரெண்டு மீட்டர் நீளத்துக்கு இத்துப் போயிருக்குன்னு போட்டோவோட எழுதியிருக்கார், மத்த மரமெல்லாம் கெட்டியா இருக்காம். சிமெண்ட்டை எடுத்து சுண்ணாம்பு பூசி சட்டத்தை மாத்தணும், அதுக்கு கவுன்சில் சம்மதம் வாங்கணும். அந்த ரிப்போர்ட்டைக் காட்டி ஓனர்கிட்ட பேசி விலைல 12,000 பவுண்ட் குறைச்சிருக்காங்க. தெரு சரிவுல வீடு மேல் பாதில இருக்கு, வெள்ள அபாயம் ரொம்பக் குறைவுன்னு வந்திருக்கு. தேவாலய ரிப்பேர் பொறுப்பு இருக்கான்னும் தேடிப் பாத்தாச்சு.

ஷிஃப்ட்டுக்கு ட்ரெயின் ஒத்து வரல. வாரத்துல மூணு நாள் கார்லதான் போகணும், மாப்பிள்ளை வீட்ல இருக்கறதால பேரனைப் பாத்துக்குவார். ஸ்கூல் விண்ணப்பம் வாடகை வீட்டு விலாசத்துலதான் போட்டிருக்காங்க, கவுன்சில்ல பேசி வச்சிருக்காங்க.

பணம் நானும் அவங்க அப்பாவும் தனித்தனியா பேங்க்ல போய் அனுப்பிட்டோம். கோரிமேடு அண்ணா, நீங்க சொன்னதை நாங்க தப்பா எடுத்துக்கல, உங்க அண்ணன் பையன் இந்த ஆடிக்காச்சும் வரணும்னு நானும் வேண்டிக்கறேன்.

எக்சேஞ்ச் இன்னும் ஆகல, அடுத்த வாரம்னு சொல்றாங்க. வர்ற நவம்பர்ல நாங்க ரெண்டு பேரும் போய் அந்த முதல் குளிர்காலத்துக்குக் கூட இருக்கப் போறோம். கொத்தனார் தம்பி, அங்க சுண்ணாம்பு வேலை செய்யற ஆள் ஒருத்தர் வந்து பாத்துட்டு, பழைய பூச்சுல ஆட்டு முடியோ குதிரை முடியோ கலந்திருக்கு, அதே மாதிரிதான் திரும்பப் பூசுவேன்னு சொன்னாராம். பேந்து விழுந்த துண்டு ஒண்ணை பொண்ணு எடுத்து வச்சிருக்கா, திரும்பி வர்றப்ப உங்களுக்குக் கொண்டு வந்து தர்றேன்.